கொழும்பு நகரத் திட்டமிடல்: நிலைபேறான, திறன்மிகு நகர அபிவிருத்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், வெள்ளவத்தை, கொம்பனித்தெரு, தெமட்டகொடை போன்ற பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் மக்களிடையே, வீதியொன்றை அளவெடுக்க அதிகாரிகள் வந்தாலும், புதிய தொடர்மாடி ஒன்றுக்கு அத்திவாரம் தோண்டப்பட்டாலும், ஒரே வகையான கேள்விகள் எழுகின்றன. யார் திட்டமிடுகிறார்கள், எந்தச் சட்டத்தின் கீழ், எங்கள் ஒழுங்கைக்கு என்ன நடக்கும், நாங்கள் எங்கே பேசலாம் என்பனவே அவை. அவற்றுக்கான பதில்கள் கீழே தரப்பட்டுள்ளன.

நிலைபேறான நகர அபிவிருத்தி என்பது கொழும்பில் எதைக் குறிக்கிறது?

ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 11 ஆவது இலக்கு நகரங்களைப் பற்றியது. அனைவரையும் உள்ளடக்கிய, பாதுகாப்பான, இடர்களைத் தாங்கக்கூடிய நகரங்களை அது கோருகிறது. உலகம் முழுவதற்கும் பொதுவாக எழுதப்பட்ட அந்த வாசகத்தைக் கொழும்பின் நிலத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதற்கு உருவம் கிடைக்கிறது.

மாநகர சபை எல்லைக்குள் கொழும்பின் பரப்பளவு சுமார் 37 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கே வாழ்ந்தோர் சுமார் 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர். இவர்களைத் தவிர வேலைக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வியாபாரத்துக்கும் நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் நகருக்குள் வந்து மாலையில் திரும்புகிறார்கள். மேற்கே கடல், வடக்கே களனி கங்கை, கிழக்கே சதுப்பு நிலங்கள் என்று மூன்று பக்கமும் நீரால் சூழப்பட்ட தாழ்நிலத்தில் இந்த நகரம் அமைந்திருக்கிறது. ஆகவே கொழும்பில் நிலைபேறு என்பது முதலில் நீரோடு வாழ்வதைப் பற்றியது. நகரத்தின் குப்பை, போக்குவரத்து, வீட்டு வாடகை, வெப்பம் ஆகியவற்றின் சுமை ஏழைகளின் தலையிலும் பிற்காலச் சந்ததியின் தலையிலும் மட்டும் இறங்காமல் பார்த்துக்கொள்வது அதற்கு அடுத்த கடமை.

கொழும்புக்கான திட்டத்தைத் தயாரிப்பது யார்?

பிரதான பொறுப்பு நகர அபிவிருத்தி அதிகார சபையுடையது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் அது உருவாக்கப்பட்டது. அமைச்சர் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தும் இடங்களுக்கு அபிவிருத்தித் திட்டம் தயாரிப்பதும், அங்கே கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்குவதும் அதன் அதிகாரங்கள். அந்த அதிகாரங்களில் ஒரு பகுதியை உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளிக்க முடியும் என்பதால், சிறிய கட்டடங்களுக்கான விண்ணப்பங்களை மாநகர சபையும் பெரியவற்றை அதிகார சபையும் பரிசீலிக்கும் நடைமுறை இருக்கிறது.

இதற்கு வெளியே, தேசிய மட்டத்தில் தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம் உண்டு. கால்வாய்களும் தாழ்நிலங்களும் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் உள்ளன. குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும், பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், உள்வீதிகளும் நகரின் கழிவுநீரும் குப்பையும் மாநகர சபையிடமும் இருக்கின்றன. மழை பெய்து ஒழுங்கையில் நீர் தேங்கும்போது எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் மக்கள் அலைவதற்குக் காரணம் இந்தப் பங்கீடுதான். தகவல் தொழில்நுட்பத்தின் துணையோடு இயங்கும் திறன்மிகு நகரம் பற்றிப் பேசுவோர் இந்த நிறுவனங்களை ஒரே வரைபடத்தின் முன் அமரவைப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

இதற்கு முன் கொழும்புக்குத் திட்டங்கள் இருந்தனவா?

நூறு ஆண்டுகளாக இருந்து வருகின்றன. ஸ்கொட்லாந்து அறிஞர் பட்ரிக் கெடெஸ் 1921 இல் கொழும்பின் முதலாவது நகரத் திட்ட அறிக்கையை எழுதினார். பூங்காக்களும் மர நிழலும் நிறைந்த நகரமொன்றை அவர் கண்முன் வைத்திருந்தார். 1940 இல் கிளிபர்ட் ஹொலிடேயும், சுதந்திரம் கிடைத்த 1948 இல் பட்ரிக் அபர்குரொம்பியும் திட்டங்கள் வரைந்தனர். நெரிசலைக் குறைக்க ராகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகிய இடங்களில் துணை நகரங்களை வளர்க்க வேண்டும் என்று அபர்குரொம்பி பரிந்துரைத்தார். பின்னர் 1978 இல் கொழும்புப் பெருந்திட்டமும், 1998 இல் கொழும்புப் பெருநகரப் பிராந்தியக் கட்டமைப்புத் திட்டமும், 1999 இல் நகருக்கான அபிவிருத்தித் திட்டமும், 2016 இல் மேல் மாகாணம் முழுவதையும் உள்ளடக்கிய பெருநகரத் திட்டமும் வந்தன.

இவற்றை வரிசையாக வாசிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். நெரிசலைக் குறைத்தல், சதுப்பு நிலங்களைக் காத்தல், பொதுப் போக்குவரத்தை வலுப்படுத்தல், நெருக்கமான குடியிருப்புகளை மேம்படுத்தல் ஆகிய நோக்கங்கள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுள்ளன. திட்டம் எழுதக் கொழும்பில் ஆட்களுக்கு ஒருபோதும் குறைவிருந்ததில்லை. எழுதிய திட்டத்தை அடுத்த அரசாங்கம் கையிலெடுத்துத் தொடரும் வழக்கம்தான் உருவாகவில்லை. பெருநகரத் திட்டத்துக்கென்று 2015 இல் தனி அமைச்சே அமைக்கப்பட்டது. 2019 இன் இறுதியில் ஆட்சி மாறியபோது அந்த அமைச்சும் மறைந்தது.

சதுப்பு நிலங்களுக்கும் நகரத் திட்டத்துக்கும் என்ன தொடர்பு?

கொழும்பைப் பற்றி ஒரே ஒரு விடயத்தைத்தான் கற்றுக்கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

நகருக்குள் விழும் மழைநீர் நேராகக் கடலுக்குச் செல்வதில்லை. அது முதலில் கொலன்னாவ, கோட்டே, ஹீன் எல, தலவத்துகொடைப் பகுதிகளின் சதுப்பு நிலங்களில் பரவித் தங்குகிறது. அங்கிருந்து தெமட்டகொடைக் கால்வாய், சென் செபஸ்தியன் கால்வாய், வெள்ளவத்தைக் கால்வாய் முதலியவற்றின் வழியாக மெதுவாகக் கடலையோ களனி கங்கையையோ அடைகிறது. நிலத்தின் சரிவு மிகக் குறைவு. களனி கங்கை பெருக்கெடுத்திருக்கும்போதும் கடல் உயர்ந்திருக்கும்போதும் வெளியேறும் வழிகள் அடைபட்டுவிடும். அந்த நேரங்களில் நீரைப் பிடித்து வைத்திருக்கும் இடம் சதுப்பு நிலம் மட்டுமே. ஓர் ஏக்கர் சதுப்பை மண் போட்டு நிரப்பினால், அங்கே தங்கியிருக்க வேண்டிய நீர் வேறொருவரின் வீட்டுக்குள் தங்கும்.

2010 நவம்பரில் ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொழும்பில் கொட்டியபோது, தியவன்னா ஓயாவின் நடுவே அமைந்த பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அந்த நிகழ்வு ஆட்சியாளர்களை அசைத்தது என்று சொல்லலாம். 2012 இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனுதவியுடன் கொழும்புப் பெருநகர நகர்ப்புற அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கொழும்பு, தெஹிவளை–கல்கிசை, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டே மாநகர சபைகளையும் கொலன்னாவ நகர சபையையும் உள்ளடக்கிய அந்தத் திட்டத்தின் கீழ் கால்வாய்கள் அகலமாக்கப்பட்டன, முகத்துவாரத்தில் நீரைக் கடலுக்கு வெளியேற்றும் சுரங்கக் கால்வாய் அமைக்கப்பட்டது, சதுப்பு நிலங்களை வெள்ளத் தடுப்பின் உறுப்பாக ஏற்கும் முகாமைத்துவ உபாயமொன்றும் தயாரிக்கப்பட்டது. 1968 இல் கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென்றே சட்டமியற்றிச் சபையொன்றை அமைத்த நாட்டில், அரை நூற்றாண்டுக்குள் அந்தப் பணியின் வாரிசாக விளங்கும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனமே சதுப்பைக் காக்கும் நிலைக்கு வந்தது சிறிய மாற்றமன்று. 2018 ஒக்டோபரில் துபாயில் நடைபெற்ற, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் சமவாயத்தின் மாநாட்டில், ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாக இருந்தது.

அங்கீகாரம் கிடைத்ததால் நிலம் தானாகக் காக்கப்பட்டுவிடாது. 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். ஆனால் சதுப்பு பெரும்பாலும் அரை ஏக்கர், கால் ஏக்கர் என்ற சிறு துண்டுகளாகத்தான் மறைகிறது. இரவில் வரும் மண் லொறிகளைத் தடுப்பதற்கு அயலவர்களின் கண்களும், அவர்கள் அழைத்தால் உடனே வரும் அதிகாரியும் தேவை.

திறன்மிகு நகரம் என்றால் கமராக்களும் செயலிகளும்தானா?

விளம்பரங்களில் அவைதான் முன்னே நிற்கின்றன. கொழும்பின் தேவையை வைத்துப் பார்த்தால் வரிசை வேறு. கால்வாய்களில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து, மழைக் கணிப்போடு இணைத்து, மதகுகளையும் நீரேற்று நிலையங்களையும் எப்போது இயக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் முறைமை இங்கே உயிரைக் காக்கும். அதன் எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் கைத்தொலைபேசிக்கு வந்தால் கொலன்னாவையிலுள்ள தாய் பிள்ளைகளையும் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போக நேரம் கிடைக்கும். நிலத்துக்கடியில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதை எல்லா நிறுவனங்களும் பார்க்கக்கூடிய ஒரே எண்ணியல் வரைபடம் இருந்தால், நேற்றுத் தார் போட்ட வீதியை இன்று நீர்க்குழாய்க்காகத் தோண்டும் வேதனை குறையும்.

போக்குவரத்துச் சமிக்ஞை விளக்குகளும் ஒரு பாடம். காலையிலும் மாலையிலும் நெரிசல் உச்சத்திலிருக்கும்போது பல சந்திகளில் விளக்குகளை நிறுத்திவிட்டுப் பொலிஸார் கையால் வாகனங்களை வழிநடத்துவதை நாம் அனைவரும் காண்கிறோம். அடுத்தடுத்த சந்திகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்காதவரை, ஒரு சந்தியில் எத்தனை நவீனமான விளக்கை நிறுத்தினாலும் அதனால் பயன் அதிகமில்லை.

கமராக்கள் மூலம் திரட்டப்படும் என் தகவல்களுக்குப் பாதுகாப்பு உண்டா?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. தரவு எந்த நோக்கத்துக்காகத் திரட்டப்படுகிறதோ அதற்கு மட்டும் பயன்பட வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளையும், பொலிஸில் குடியிருப்போர் பதிவு செய்யப்பட்ட ஆண்டுகளையும் கண்ட கொழும்புத் தமிழர்களுக்குக் கண்காணிப்பு பற்றிய அச்சம் கற்பனையானது அன்று. கமராக்களை நிறுவும் எந்தத் திட்டமும், பதிவுகள் எவ்வளவு காலம் வைக்கப்படும், யார் பார்க்கலாம், யாரிடம் முறையிடலாம் என்பவற்றை முதலிலேயே எழுத்தில் வெளியிட வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான்.

தோட்டங்களில் வாழ்வோர் அப்புறப்படுத்தப்படுவார்களா?

கொழும்பில் தோட்டம் என்று நாம் அழைப்பது, வதியும் உரிமை பலவகையாகக் கலந்து கிடக்கும் நெருக்கமான குடியிருப்புகளை. சில பழைய வரிசை வீடுகள். சில கால்வாய்க் கரையிலும் புகையிரதப் பாதை ஓரத்திலும் தோன்றியவை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கெடுப்பு இத்தகைய 1,499 குடியிருப்புத் தொகுதிகளில் 68,812 குடும்பங்கள் வாழ்வதாகக் கூறியது. நகரத்தின் நிலப்பரப்பில் அவை பிடித்திருப்பது சுமார் 900 ஏக்கர், அதாவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கொழும்பை உழைப்பால் இயக்கும் மக்கள் எவ்வளவு குறைந்த நிலத்தில் வாழ்கிறார்கள் என்பதை இந்த எண்களிலிருந்து உணரலாம்.

இந்த மக்களை அணுகிய முறைகள் காலத்துக்குக் காலம் பெரிதும் வேறுபட்டன. 1973 இன் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வாடகைக்கு இருந்த பலரை உரிமையாளராக்கியது. 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு, மக்களை அவர்கள் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, சமுதாய அபிவிருத்திச் சங்கங்கள் ஊடாக அவர்களுடன் பேசி, பாதை, குடிநீர், மலசலகூடம் ஆகியவற்றை அமைத்து, வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளச் சிறு கடன் வழங்கியது. உலகின் பல நாடுகளிலிருந்து திட்டமிடலாளர்கள் அதைப் படிக்க வந்தார்கள். 2010 க்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட காலத்தில் நகர மீளுருவாக்கத் திட்டம் வேறு வழியைத் தெரிந்தெடுத்தது. குடும்பங்களை உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றி, விடுபடும் நிலத்தை வர்த்தகப் பயன்பாட்டுக்கு வழங்கி, அந்த வருமானத்தில் மேலும் தொடர்மாடிகளைக் கட்டுவது என்பதே அதன் கணக்கு.

தொடர்மாடிக்குச் சென்றவர்களில் பலர் வெள்ளமில்லாத உறுதியான வீடும் தனி மலசலகூடமும் கிடைத்ததை மனமாரப் பாராட்டுகிறார்கள். அதை மறைப்பது நேர்மையாகாது. அதே நேரத்தில் பழுதடையும் மின்தூக்கி, பெரிய குடும்பத்துக்குப் போதாத அறைகள், மாதாந்தத் தவணை, வாசலில் இடியப்பமோ வடையோ விற்றுப் பிழைத்தவருக்குப் பத்தாவது மாடியில் வியாபாரம் இல்லாமற்போதல், தமிழ் மொழிமூலப் பாடசாலை தூரமாகிவிடுதல் ஆகியவையும் உண்மைகள். நிலத்தை விடுவிப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு தொடங்கும் திட்டம், வீட்டைக் கட்டிக்கொடுத்தாலும் வாழ்க்கையைக் கணக்கில் எடுக்காது. கால்வாய்க் கரைபோல ஆபத்தான இடங்களிலிருந்து மக்களை மாற்றுவது அவசியமானாலும், அவர்கள் இப்போது வாழும் பகுதிக்கு நடந்து செல்லும் தூரத்தில் மாற்று வீடு இருக்க வேண்டும்.

உங்கள் தோட்டத்துக்கு அறிவித்தல் வந்தால் முதலில் உங்கள் உரிமையின் தன்மையை அறிந்துகொள்ளுங்கள். காணி உறுதி, வீட்டு உச்சவரம்புச் சட்டத்தின் கீழான கடிதம், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் பத்திரம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, மின்கட்டணச் சீட்டு என்பவற்றின் பிரதிகளை ஒன்றாக வைத்திருங்கள். அவசர நிலைமைகளைத் தவிர்ந்த வேளைகளில், 100 குடும்பங்களுக்கு மேல் விருப்பமின்றி மீள்குடியேற்றும் திட்டங்களும் சுற்றாடல் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டுக்கு உட்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது.

போக்குவரத்துத் திட்டங்கள் ஏன் நின்றுபோகின்றன?

இலகு ரயில் திட்டத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீற்றர் நீளத்தில், 16 நிலையங்களுடன், தூண்களின் மேல் செல்லும் பாதையொன்று ஜப்பானின் உதவியுடன் திட்டமிடப்பட்டது. 2019 இல் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வட்டி 0.1 சதவீதம், மீளச் செலுத்தும் காலம் 40 ஆண்டுகள். இலங்கை பெற்ற கடன்களுள் இவ்வளவு இலகுவான நிபந்தனை உடையவை அரிது. 2020 செப்டெம்பரில் செலவு அதிகம் என்ற காரணத்தின் பேரில் அது இரத்துச் செய்யப்பட்டது. தவறு எந்தக் கட்சியுடையது என்ற வாதத்தை விட்டுவிட்டாலும், காணி அளந்து, வரைபடம் தயாரித்து, மக்களிடம் கருத்துக் கேட்டு முடித்த ஒரு திட்டம் ஒரு கடிதத்தால் மறைய முடியுமென்றால், அடுத்த திட்டத்தை நம்பி மாலபேயில் வீடு வாங்குபவர் எதை நம்பி வாங்குவார்?

செலவு குறைந்த வழிகளும் உண்டு. வீதியில் பஸ்களுக்குத் தனிப் பாதை ஒதுக்கும் முயற்சி 2017 இல் பரீட்சிக்கப்பட்டது. 2019 இல் திறக்கப்பட்ட மாகும்புர நிலையம், அதிவேகப் பாதை பஸ்ஸையும் உள்ளூர் பஸ்ஸையும் புகையிரதத்தையும் ஓரிடத்தில் சந்திக்க வைத்தது. மூன்றுக்கும் ஒரே பயண அட்டையும், நம்பத்தகுந்த நேர அட்டவணையும் வந்தால் பெரும் செலவின்றியே நாளாந்தப் பயணம் மாறும்.

குப்பைப் பிரச்சினைக்குத் திட்டத்தில் இடமுண்டா?

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்ததில் 30 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2009 இல் புளூமெண்டல் குப்பைமேடு மூடப்பட்ட பின்னர் கொழும்பின் குப்பை அங்கே குவிக்கப்பட்டது. மீதொட்டமுல்லை கொழும்பு மாநகர எல்லைக்குள் இல்லை, அது கொலன்னாவைக்கு உரியது. நகரம் தன் கழிவை எல்லைக்கு வெளியே வாழும் ஏழைகளின் முற்றத்தில் கொட்டியது. நகரத் திட்டத்தில் குப்பையை ஓர் இணைப்பாகச் சேர்க்கும் எவரும் அந்தப் புத்தாண்டு நாளை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அதன் பின்னர் கெரவலப்பிட்டியில் குப்பையிலிருந்து மின்சாரம் பெறும் 10 மெகாவோற் நிலையம் 2021 இல் இயங்கத் தொடங்கியது. புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலுவில், கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றருக்கு அப்பால், சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளில் நிரப்புநிலம் அமைக்கப்பட்டபோது அங்குள்ள மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களின் எதிர்ப்பு நியாயமானது. எங்கள் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி சமையலறைக் கழிவு. அது ஈரமானதால் எரிப்பதற்கும் உகந்ததன்று, தூரம் ஏற்றிச் செல்வதற்கும் வீண் செலவு. வீட்டிலேயே பிரித்து, பகுதியிலேயே உரமாக்குவதுதான் மலிவான வழி. தொடர்மாடிகளின் முகாமைத்துவக் குழுக்கள் இதை நாளையே தொடங்கலாம்.

வெள்ளவத்தை போன்ற இடங்களில் தொடர்மாடிகள் பெருகுவது நல்லதா?

நெருக்கமாகவும் உயரமாகவும் கட்டுவது தானாகத் தீங்கன்று. பஸ்ஸும் புகையிரதமும் கடையும் கோயிலும் நடக்கும் தூரத்தில் இருக்கும் இடத்தில் அதிகமானோர் வாழ்வது சதுப்பை நிரப்பிப் புறநகர் கட்டுவதைவிட மேல். சிக்கல் நிலத்தின் கீழே இருக்கிறது. கொழும்பின் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பின் தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரியது. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள கடல்வாய்கள் ஊடாகவே நீண்டகாலமாகக் கழிவு கடலுக்குள் விடப்பட்டு வந்தது. இரண்டு மாடி வீடு இருந்த காணியில் நாற்பது குடும்பங்கள் குடியேறும்போது குழாய், வடிகான், வாகனத் தரிப்பிடம் எதுவும் தானாக விரிவதில்லை.

இந்த இடத்தில்தான் தளப்பரப்பு விகிதம் (காணியின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பைக் கட்டலாம் என்ற அளவு), திறந்தவெளி விதிகள், மழைநீர்ச் சேகரிப்பு ஏற்பாடுகள் முக்கியமாகின்றன. நாடளாவிய நகரத் திட்டமிடல் மற்றும் கட்டட ஒழுங்குவிதிகள் 2021 இல் புதுப்பிக்கப்பட்டு வர்த்தமானியில் வெளியாகியுள்ளன.

துறைமுக நகரமும் இதே திட்டத்துக்குள் வருகிறதா?

புவியியல்படி அது கொழும்பு மாவட்டத்தின் பகுதி. நிர்வாகத்தில் தனி. கடலிலிருந்து மீட்கப்பட்ட 269 ஹெக்டேயர் நிலத்துக்கு 2021 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பொருளாதார ஆணைக்குழுவே பொறுப்பு. அங்கே வேலைக்குச் செல்வோர் நகரத்தின் அதே வீதிகளால் வருவார்கள், அதே நீரைக் குடிப்பார்கள் என்பதால், இரண்டையும் சேர்த்துத் திட்டமிடாமல் இருப்பது எவருக்கும் நன்மை தராது.

வெப்பத்துக்கும் மரங்களுக்கும் திட்டத்தில் என்ன இடம்?

கறுவாத்தோட்டத்து வீதியில் நடப்பவருக்குக் கிடைக்கும் நிழல் கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ நடப்பவருக்குக் கிடைப்பதில்லை. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மீது பெருமரம் வீழ்ந்து 5 பேர் இறந்த பிறகு முதிய மரங்களை வெட்டும் கோரிக்கை எழுந்தது. ஒவ்வொரு மரத்தின் வயதையும் வேரின் நிலையையும் பதிவு செய்து ஆண்டுதோறும் சோதிக்கும் ஏடு இருந்தால், ஆபத்தானதை வெட்டி மற்றவற்றைக் காக்கலாம். புதிய மரங்களை நிழலற்ற வட கொழும்பில் முதலில் நட வேண்டும்.

பொதுமக்கள் எந்தக் கட்டத்தில், எந்த வழியால் கருத்துச் சொல்லலாம்?

மூன்று வாசல்கள் உண்டு. அபிவிருத்தித் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, அறிவித்தலில் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுத்தில் ஆட்சேபனை அனுப்பலாம். சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியாகும்போது 30 நாட்களுக்குள் கருத்து அனுப்பலாம், அது பற்றிய அறிவித்தல் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வெளியிடப்பட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த நேரத்திலும் வரைபடம், அனுமதிப்பத்திரம், ஒப்பந்தம் ஆகியவற்றைக் கேட்கலாம். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் தமிழும் அரச கரும மொழி. தமிழில் அனுப்பும் கடிதத்துக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. திட்ட ஆவணங்கள் பல ஆங்கிலத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வெளியாகும் நிலையில், தமிழ்ப் பிரதியைக் கேட்டு எழுதும் ஒவ்வொரு கடிதமும் பின்னால் வருபவருக்கும் உதவும்.

நான்காவது வாசல் வாக்குச்சீட்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து, தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்து புதிய சபை அமையும் வரை கொழும்பு தெரிவுசெய்யப்பட்ட சபையின்றி ஆணையாளரின் கீழ் இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் வட்டாரத்தின் குறையைச் சபையில் எழுப்ப உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். அவர்களை அழைத்து உங்கள் தோட்டத்தையும் வடிகானையும் காட்டுங்கள்.

காணி அல்லது தொடர்மாடி வீடு வாங்குமுன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

காணி எந்த வலயத்தில் இருக்கிறது என்பதைப் பத்தரமுல்லை செத்சிறிபாயவிலுள்ள நகர அபிவிருத்தி அதிகார சபையிலோ மாநகர சபையிலோ கேட்டறியலாம். வீதி அகலிப்புக்கான கோடு காணிக்குள் ஓடுகிறதா என்பதை வீதிக்கோட்டுச் சான்றிதழ் காட்டும். கால்வாய் அருகில் என்றால் ஒதுக்கீட்டு எல்லையைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் பெறுங்கள். தொடர்மாடியாயின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், கட்டி முடித்த பின்னர் வழங்கப்படும் இணக்கச் சான்றிதழையும், ஒவ்வொரு வீட்டையும் பொதுப் பகுதிகளையும் பிரித்துக் காட்டும் கூட்டாதனத் திட்டம் பதிவாகியுள்ளதா என்பதையும் பாருங்கள். கட்டுநர் காட்டும் பிரதியை மட்டும் நம்பாமல், இலக்கத்தைக் குறித்துக்கொண்டு சென்று, வழங்கிய அலுவலகத்திலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். அயலில் நீண்டகாலம் வாழ்ந்தவரிடம் 2010 இலும் 2016 இலும் வந்த வெள்ளங்களில் நீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேட்டு, அதையும் உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.